கொட்டாம்பட்டிக்குப் போன ஒரு ரூபாய்

மகனே,

இதைக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். செல்லில் அனுப்பியிருந்தால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பாய். உன்னைப் படிக்க வைத்துப் பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்டது அந்தக் கட்டைவிரலைப் பார்ப்பதற்குத்தானோ என்று சில நாள் எனக்குத் தோன்றும். கூரியர்க்காரர் வந்தால் நீ எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், உறையைக் கிழிக்க வேண்டும். அவ்வளவு சிரமமாவது நீ பட வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்பட எனக்குத் தைரியம் போதாது என்பது உனக்கே தெரியும். இது கோபத்துக்கும் கீழே கிடக்கிற ஒன்று. இகழ்ச்சி என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு வேறு சொல் கிடைக்காமல் அதையே மறுபடி எழுதியிருக்கிறேன். அதில் உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்பது கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதிய பிறகும் எனக்குத் தெளிவாகவில்லை.

வருகிற தை மாதம் உனக்குக் கல்யாணம். பதினைந்து நாளைக்கு முன்பு நீ கொட்டாம்பட்டி அத்தைக்கு, அதாவது என் ஒரே தங்கைக்கு, செல்லில் பேசிக்கொள்ளும் அந்தச் செயலி வழியாகவே பத்தாயிரம் ரூபாய் அனுப்பினாய். கூடவே அழைப்பிதழின் படம். அதற்குக் கீழே, 'அத்தை, நல்ல சேலையா எடுத்துக்கங்க, மறக்காம வந்துருங்க' என்று ஒரு வரி, வரிக்குப் பின்னால் மூன்று பூங்கொத்து. கால் மணி நேரத்தில் பத்தாயிரமும் உனக்குத் திரும்பி வந்துவிட்டது. பூங்கொத்துக்குப் பதில் வரவில்லை. இதை நீ உன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவள் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பதை நீ மறந்துவிட்டாய். "அத்தைக்குப் பணம் கசக்குதாம்மா. வேணாட்டிப் போகட்டும், நமக்கு லாபந்தான்" என்றாய். நான் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவிய கீரையைக் குப்பையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டிருக்கிறேன். அம்மா திட்டிய பிறகுதான் பார்த்தேன்.

உன் அழைப்பிதழைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் அடியில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புப் படம் போட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் அதைச் செல்லில் பிடித்து மொய்ப்பணம் அனுப்பலாமாம். மிக நல்ல யோசனை. வராதவர்களுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்த மாப்பிள்ளையை மதுரை இதற்கு முன் பார்த்திருக்காது. வர வேண்டியவர்களுக்கு என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று அதே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அத்தை ஏன் பணத்தைத் திருப்பினாள் என்று நீ கேட்கவில்லை. கேட்காததையும் சொல்வதுதான் அப்பாக்களின் வழக்கம் என்று எடுத்துக்கொள். அதற்கு நீ ஆடி மாதத்துக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், உன் அப்பன் அந்தச் செயலியில் பணம் அனுப்பப் பழகிய லட்சணத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம் நீ வில்லாபுரத்து வீட்டுக்கு வந்திருந்தபோது அரை மணி நேரத்தில் எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு, "அம்புட்டுத்தான்ப்பா, தட்டுனா போயிரும்" என்றாய். அந்த 'போயிரும்' என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுத்தராக உட்கார்ந்தவன் நான். நிலத்தின் நான்கு எல்லையையும் நான்கு முறை படித்துப் பார்க்காமல் ஒரு தாளை நகர்த்தியதில்லை. ஆகவே நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். யாருக்கு எவ்வளவு அனுப்புவதானாலும் முதலில் ஒரு ரூபாய் அனுப்புவது. உடனே அவரைக் கூப்பிட்டு, வந்ததா என்று கேட்பது. வந்தது என்று அவர் வாயால் சொன்ன பிறகு மிச்சத்தை அனுப்புவது. மருந்துக்கடையில் இதைச் செய்யும்போது அங்கே வைத்திருக்கிற பெட்டி, "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தும். வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அறுநூற்று நாற்பது ரூபாய் அனுப்புவேன். கடைக்காரர் ஒருநாள், "சார், நீங்க அந்த ஒத்த ரூவாயிலயே எனக்கு மாடி வீடு கட்டிருவீங்க" என்றார். உன் அம்மா சொன்னது இன்னும் மேல். "உங்கப்பா கோயில் உண்டியல்லயும் முதல்ல ஒரு ரூவாதான் போடுவாரு. போட்டுட்டுச் சாமிகிட்ட வந்துச்சானு கேட்டுட்டு நிப்பாரு. சாமி பதில் சொல்றதுக்குள்ள நடை சாத்திருவாக." நீ அப்போது சிரித்தாய். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் வலிக்காது என்பது என் அனுபவம்.

ஆடியில் ஒரு காலை, அத்தை மகன் முத்துக்குமார் கூப்பிட்டான். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றான். உன் மாமா, என் தங்கை வீட்டுக்காரர், நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வில்லாபுரத்திலும் அவனியாபுரத்திலும் இருக்கிற நம் சனம் ஒரு வேன் பிடித்துக் கிளம்பியது. உன் அம்மா அதில் ஏறிக்கொண்டாள். நான், "நீ போ, நான் கோடி எடுத்துக்கிட்டுப் பின்னாலயே பஸ்ல வாரேன்" என்றேன். உனக்குத் தெரியாமலிருந்தால் சொல்கிறேன்: புருஷனை இழந்தவளுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை கொண்டுபோய், உடலை எடுப்பதற்கு முன் அவள்மேல் போட வேண்டும். அதுதான் கோடி. அதைக் கொண்டுபோக வேண்டியவன் கூடப் பிறந்தவன். அதாவது நான். எங்கள் அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது என் ஒருவன் உடம்புதான்.

பழங்காநத்தம் வரை போனேன். ஜவுளிக்கடைப் படியில் ஏறாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். செய்தி உனக்கும் போயிருந்தது. "அப்பா, மூட்டு வலியோட எதுக்கு அம்புட்டுத் தூரம் போறீங்க? கோடிக்கும் செலவுக்கும் சேத்து ஒரு அஞ்சாயிரத்த முத்துக்குமாருக்குப் போட்டு விடுங்க. அங்கனயே வாங்கிக்கிருவாங்க" என்றாய். இதை நீ நல்லெண்ணத்தில்தான் சொன்னாய். உன் தலைமுறையின் நல்லெண்ணம் இப்படித்தான் இருக்கிறது. எங்கேயும் போகாது, எதையும் தொடாது, எவர் முகத்தையும் பார்க்காது. பிறந்த வீட்டுக் கோடியை அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். செத்தவரின் பாடையையும் அவரையே கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகனே, உன்னை இகழ எனக்குள்ள தகுதி என்ன என்று பார்த்தால், நீ அதைச் சொன்னபோது என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. மூட்டு வலி அன்றைக்கு எனக்கு இல்லவே இல்லை. நீ சொன்ன பிறகுதான் அது வந்தது.

கடைப் படியிலேயே நின்று, என் முறைப்படி, முதலில் ஒரு ரூபாய் அனுப்பினேன். பிறகு அப்பனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பையனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, ஒரு ரூவா போட்டிருக்கேன். வந்துச்சா?"

"என்ன மாமா? கேக்கல. இங்க கொட்டு அடிக்கிறாங்க."

"ஒரு ரூவாப்பா. ஒரே ஒரு ரூவா. வந்துச்சானு பாரு."

கொஞ்ச நேரம் கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன், "வந்துருக்கு மாமா. நீங்க எங்கன வாரீங்க? மேலூர் தாண்டியாச்சா?" என்றான்.

"மிச்சத்தப் போட்டு விடுறேன் மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்தாயிரம் அனுப்பினேன். அதற்கும் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், கேட்கவில்லை. மேலூரைப் பற்றி மறுபடி கேட்பானே என்ற பயம். வீட்டுக்கு வந்து செல்லை முகம் குப்புற வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் உன் அம்மா வந்தாள். நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையோடு வந்து நின்றுகொண்டு ஆரம்பித்தாள். "பெறந்த வீட்டுக் கோடி எங்கனு பங்காளி வீட்டுப் பெரியவரு கேக்குறாரு. நான், அவ அண்ணன் கொண்டாந்துக்கிட்டு இருக்காருங்கிறேன். ஒரு எளவட்டப் பய சொல்றான், 'கோடி போன்ல வருதாம் பெரியப்பா, டவர்தான் கிடைக்கல'ங்கிறான். எழவு வீட்டுல அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. ஒங்க தங்கச்சி தலையக் கவுந்துக்கிட்டா. நான் மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது? கடைசியில நானே ரோட்டுக்கு ஓடி, அங்கன இருந்த கடையில ஒரு சேலைய எடுத்தாந்து என் கையால போட்டேன். நீங்க போட வேண்டியது." அவள் முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. "அது போகட்டும். முத்துக்குமாரு போனைக் கொண்டாந்து காட்டுறான். ஒண்ணு. அதுக்குக் கீழ ஐயாயிரம். ஐயாயிரத்து ஒண்ணு! கல்யாண மொய்யா அனுப்புனீங்க? படிச்ச மனுசன்தானே நீங்க?"

உனக்கு இது புரியுமா என்று எனக்குச் சந்தேகம். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று நல்ல காரியத்துக்குக் கொடுக்கும்போது நூற்றோடு ஒன்று, ஐந்நூற்றோடு ஒன்று சேர்த்துத்தான் வைப்போம். அந்த ஒன்று, இது இன்னும் வளரட்டும், இந்த வாசலுக்கு மறுபடியும் நாங்கள் இப்படியே வரும்படி ஆகட்டும் என்பதற்காக. இழவு வீட்டில் கொடுப்பதை முழுத்தொகையோடு நிறுத்துவோம். இது போதும், இது மறுபடி வர வேண்டாம் என்பதற்காக. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். எம்.ஏ. வரை படித்து, அடுத்தவர் பத்திரத்தில் ஒரு புள்ளி தவறினால் கண்டுபிடித்த நான், என் தங்கை புருஷன் பிணமாகக் கிடக்கிற வாசலுக்கு, இதுபோல் இன்னும் நடக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறேன். அதுவும் வந்துச்சா, வந்துச்சா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு.

மறுநாள் காலை செல் ஒரு சத்தம் போட்டது. முத்துக்குமார் ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பியிருந்தான். ஐந்தாயிரத்தை வைத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும். ஒரு சொல் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் மரியாதைதான். என் தப்பைத் திருத்தி எனக்கே அனுப்பியிருந்தான். அதன் பிறகு நான் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை, தங்கையும் எடுப்பதில்லை. அவளுக்குச் செல் தெரியாது என்று நினைக்காதே. பால் சங்கத்துப் பணம் அவளுக்கு அதில்தான் வருகிறது. இந்த நிலைமையில்தான் நீ உன் பத்தாயிரத்தையும் மூன்று பூங்கொத்தையும் அனுப்பினாய்.

நான் ஏன் கடைப் படியில் நின்றேன் என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. நம் குடும்பத்திலும் மாமா குடும்பத்திலும் யாருக்கும் சொந்தமாக ஒரு செண்டு நிலம் இருந்ததில்லை. எல்லாம் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். உன் மாமா கிணறு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த காசில் முதன்முதலாக எண்பது செண்டு வாங்கினார். பதிவுக்கு வந்தது என் அலுவலகத்துக்கு. நான் அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விற்கிறவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வாங்குகிறவர் சுவரோரம் நின்றார். வேட்டியில் செம்மண் கறை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். சார்பதிவாளர், "இவரைத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா? அடையாள சாட்சி ஒண்ணு கொறையுதே" என்று பொதுவாகக் கேட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அலுவலக ஊழியன் சாட்சிக் கையெழுத்துப் போடுவது முறையில்லை என்று இன்றைக்கும் என்னால் வாதிட முடியும். ஆனால் 'தெரியும் சார், என் மச்சான்' என்று வாயால் சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. நான் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று அதுவரை அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை. அது கேட்கப்படாமலே இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எனக்கு முக்கியம். கடைசியில் வெளியே இருந்த டீக்கடைக்காரர் வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று மாலை வரை நான் தலையை நிமிர்த்தவில்லை. மாமா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததனாலேயே நான் அவர் இருக்கிற இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன், கை நனைப்பேன், அவசர வேலை என்று எழுந்துவிடுவேன். அவர் செத்துக் கிடக்கும்போதும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவனுக்கு ஒரு செயலி கிடைத்தால் அதைவிடப் பெரிய வரம் உண்டா? உனக்கு அது சோம்பலுக்கு உதவுகிறது. எனக்குக் கோழைத்தனத்துக்கு உதவியது. அதனால்தான் உன்னை இகழும்போதெல்லாம் பேனா என் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

உன் பத்தாயிரம் திரும்பி வந்ததைக் கேட்டபின் நான் நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் கொட்டாம்பட்டிக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. அந்த நேரம் தாண்டிய பிறகு கோடி என்று எதையும் கொண்டுபோக முடியாது. அத்தை வாசலில் வேப்பமர நிழலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணே, நேர்லயே வந்துட்ட? ரூவா வந்துச்சானு கேக்கவா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றேன்.

"எது? ஒத்த ரூவாயா?"

"அதுவுந்தான்."

"அது எனக்குத் தெரியாதா? சந்தையில ஒரு கடலைய வாயில போட்டுட்டு, வயித்த வலிக்குதானு அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு அப்புறம் படி அளக்கச் சொல்ற ஆளு நீ. முத்துக்குமாருதான் குதிச்சான், 'மாமா கல்யாண மொய் போட்டிருக்காரு'ன்னு. மொய் இல்லடா, அது எங்கண்ணனோட பயம்டான்னேன். அவன் கேக்கல, திருப்பி விட்டுட்டான். சின்னப்பய, அப்பன் போன வேகம்." ஒரு கடலையை உடைத்து முறத்தில் போட்டாள். "ரூவாய விடு. நீ ஏன் வரல?"

நான் பதிவு அலுவலகத்துக் கதையைச் சொன்னேன். நான்கு எல்லையையும் போல எதையும் விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முடித்ததும், "அம்புட்டுத்தானா?" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே அவரு சொல்லிட்டாரு. 'உங்கண்ணன் நாள் பூராக் குனிஞ்சே இருந்தாரு, கழுத்துப் புடிச்சிருக்கும், தைலம் இருந்தா குடுத்து விடு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல. இப்பவும் வரல."

யோசித்துப் பார் மகனே. இத்தனை வருடம் நான் யாருக்குப் பயந்து ஒளிந்தேனோ அந்த மனிதர் அதை அன்றைக்கே சிரித்து முடித்துவிட்டு நிம்மதியாகக் கிணறு வெட்டப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் அதிகம் சாப்பிட்டிருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும். இதைவிடக் கேவலமாக ஒரு ஆள் வாழ்க்கையை வீணாக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியும் என்றால் நீ அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறாய்.

பிறகு உன் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "பயலுக்குத் தெரியல தாயி. பாசத்துலதான் அனுப்பியிருக்கான்" என்றேன். இது பொய்யோ மெய்யோ, எனக்கே உறுதியில்லை.

"பாசமாத்தான் இருக்கும். யாரு இல்லேன்னா?" என்றாள். "எனக்குச் சேலை இல்லையா அண்ணே? மூணு மாட்டுப் பால் ஊத்துறேன். பத்தாயிரத்துக்குச் சேலை நானே எடுப்பேன். நான் இப்ப இருக்குற இருப்புக்கு, ஒரு கல்யாண வீட்டுல என்னைய எங்கன நிக்க வைப்பாகன்னு எனக்குத் தெரியும். தூணுக்குப் பின்னால. மருமகன் வந்து, 'அத்தை வா'ன்னு கையப் புடிச்சுக் கூப்புட்டான்னா நான் முன்னால வந்து நிப்பேன், எவ என்ன சொல்லிருவா? போன் கூப்புட்டா நான் எங்கிட்டுப் போயி நிக்க?"

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். அவசர வேலை என்று சொல்லவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு எழுந்தேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் 'வாரேன்' என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் நடந்தேன். அவள் ரோடு வரை கூடவே வந்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று, "அண்ணே, அந்தத் திருப்பி விட்ட ஒத்த ரூவா ஒங்கிட்டத்தானே இருக்கு?" என்றாள்.

"இருக்கு. போன்ல."

"எடு பாப்போம்."

நான் செல்லை எடுத்துத் திறந்து, எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். என்னைப் பார்த்துத்தான், ஆனாலும் நான் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. செல்லைப் பைக்குள் போட்டுவிட்டு, வரும்போது கண்டக்டர் கொடுத்த சில்லறையில் இருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். மருமகன் மொய்க்கு ஒத்த ரூவா சேந்துருச்சு. முழுத்தொகைய எழுத நான் வாரதும் வராததும் அவன் கையில" என்றாள்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். நான் உனக்காகப் பரிந்து பேசிவிட்டு வந்ததாக நினைக்காதே. நான் என் வேலையாகப் போனேன். உன் வேலை உனக்கு அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் திருச்சி போகிற பஸ்ஸில் ஏறு. எல்லா வண்டியும் கொட்டாம்பட்டியில் நிற்காது, ஏறும்முன் கேட்டுக்கொள். காரில் போகாதே, காரில் போனால் இன்ஜினை அணைக்காமலே பேசிவிட்டு வருவாய். தாம்பூலத்தட்டில் அழைப்பிதழ் வை, அந்தக் கறுப்புப் படம் இல்லாத அழைப்பிதழ். உன் அம்மா தனியாக ஐம்பது அடிக்கச் சொல்லியிருக்கிறாள். பணம் கொண்டுபோகாதே. வருகிறேன் என்று முன்கூட்டிச் செய்தி அனுப்பாதே. அவள் என்ன சொல்வாள் என்று ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கிற வேலை அது. அவள் திட்டினால் கேட்டுக்கொள். மாமா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார். அவரை உனக்குத் தெரியும் என்று அங்கே இருக்கிற யாரிடமாவது வாய் திறந்து சொல். நம் குடும்பத்தில் அதைச் சொல்ல ஒருவராவது வேண்டும்.

நான் சொன்னால் நீ கேட்பாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கும்படி நான் எதையும் செய்து காட்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் செய்யப்போகிறேன், இந்த வயதில் முதன்முறையாக. இந்தக் கடிதம் உனக்கு வந்ததா என்று கூப்பிட்டுக் கேட்க மாட்டேன். சனிக்கிழமை நீ கொட்டாம்பட்டியில் இறங்கினால் உன் அத்தை எனக்குச் சொல்வாள்.

அப்பா